பொன்னாடை இல்லாத கருத்தரங்கு

துணைவேந்தரா இருந்த மனுஷனைக் கூப்பிட்டு, சோறு போட்டு, சாப்பிட்ட தட்டை அவரையே கழுவச் சொன்ன கதையை எங்கயாவது கேட்டிருக்கீங்களா தம்பி? கேட்டிருக்க மாட்டீங்க. எங்க காலேஜ்ல நடந்துச்சு. பேண்ட்டை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, குழாயடியில வரிசையில நின்னு, தேங்காய் நார் வெச்சுத் தேய்ச்சாரு. சிரிச்சுக்கிட்டே வேற தேய்ச்சாரு. பெரிய மனுஷங்க அவமானத்தைச் சிரிச்சுத்தான மறைப்பாங்க. எனக்குப் பாக்கச் சகிக்கல, முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

நான் விலங்கியல் துறைத் தலைவரா இருந்தவன். டாக்டர் வயிரவசுந்தரம், எம்.எஸ்சி., எம்.பில்., பிஎச்.டி. மே மாசம் ரிட்டயர் ஆயிட்டேன். இப்ப மேலூர்ல மக வீட்டுக்குப் போயிட்டுத் திரும்புறேன். பஸ் உருட்டிக்கிட்டுத்தான் போவான், ஊர் போய்ச் சேர எப்படியும் நேரமாகும், அதான் சொல்றேன். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

எங்க துறையில வருஷா வருஷம் நீர்நிலைப் பாதுகாப்புக்குத் தேசியக் கருத்தரங்கு நடக்கும். நடத்துனது நான். சும்மா இல்ல, பஸ் ஸ்டாண்டுல இறங்குனா காலேஜ் கேட் வரைக்கும் பிளெக்ஸ். எந்தக் கம்பத்தைப் பாத்தாலும் நான் கும்பிட்டுக்கிட்டு நிப்பேன். வழி தெரியலன்னு ஒருத்தன் சொன்னதில்ல. சிறப்பு விருந்தினரை விமானத்துல வரவழைச்சு, மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே காரோட போய், வழியெல்லாம் பேசிக்கிட்டே கூட்டிட்டு வருவேன். மேடையில ஆளுக்கொரு தண்ணி பாட்டில், வந்தவங்களுக்கு ஆளுக்கொரு பை, பைக்குள்ள பைல், பைலுக்குள்ள பேனா, பேப்பர். மத்தியானம் பிரியாணி. தண்ணியை எப்படிக் காப்பாத்தணும்னு தமிழ்நாட்டுக்கே சொல்லிக் குடுத்த மேடை அது.

அப்புறம் பொன்னாடை. அது இல்லாம மேடை என்ன மேடை? எங்க வீட்டுல ஒரு பீரோ முழுக்கப் பொன்னாடைதான். வீட்டுக்காரி ஒருநாள் இதுல தலையணை உறை தைக்கட்டுமான்னு கேட்டா. எனக்கு வந்த கோபத்துல ரெண்டு நாள் பேசல. என் சிநேகிதன் முத்துக்கருப்பன், பக்கத்து ஊர்க் காலேஜ்ல புரொபசர், அவன் கருத்தரங்குல நான் அவனுக்குப் போத்துவேன், என் கருத்தரங்குல அவன் எனக்குப் போத்துவான். பல நேரம் அதே ஆடைதான் போயிட்டு வந்துக்கிட்டிருக்கும். அதுல என்ன தப்பு? போத்துறப்ப கை தட்டுறான்ல, அந்தக் கைதட்டல் புதுசுதானே.

இந்த வருஷம் எனக்குக் கடைசிக் கருத்தரங்கு. முப்பது வருஷத்துக்கு மேல உழைச்சவனுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், மேடையில நிறுத்தி நாலு வார்த்தை நல்லதாச் சொல்லி அனுப்புவாங்கன்னு இருந்தேன். மனுஷனுக்கு அந்த ஆசை இருக்கும்ல? இல்லைன்னு சொல்றவன் பொய் சொல்றான். அந்த நேரம் பாத்து எங்க பிரின்சிபால், சார் நீங்க ஓய்வெடுங்க, இந்தத் தடவை ரெஜினா மேடம் பாத்துக்கட்டும்னுட்டாரு. வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதைதான். எனக்குப் புரவலர்னு ஒரு பட்டம். புரவலர்னா என்ன தெரியுமா? முன் வரிசையில உக்காந்து கொட்டாவி விடுறவன்.

டாக்டர் ரெஜினா எங்க துறையில சேந்து நாலஞ்சு வருஷம் இருக்கும். சைக்கிள்ல காலேஜுக்கு வர்ற பொண்ணு. கார் வாங்க வக்கில்லையேன்னு நான்கூட முதல்ல இரக்கப்பட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது கொள்கையாம். முதல் கூட்டத்துலயே ஆரம்பிச்சுது. சுற்றுச்சூழலைப் பத்திப் பேசப்போற கூட்டம் முதல்ல சுற்றுச்சூழலைக் கெடுக்கக் கூடாது சார்ங்குது. நான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் ஏம்மா முடிச்சுப் போடுறன்னு கேட்டேன். யாரும் சிரிக்கல. எங்க துறையில எல்லாரும் அப்பவே அந்தப் பக்கம் சாஞ்சுட்டானுங்க, நான் ரிட்டயர் ஆகப்போறவன் பாருங்க.

பிளெக்ஸ் கிடையாது. சரி, பேனராவது இருக்கான்னா, துணி பேனர், பெயிண்டர் எழுதுறது. அதையும் ஒத்துக்கிட்டேன். எழுதி வந்ததைப் பாத்தா வருஷம் இல்ல, தேதி இல்ல, ஒருத்தர் பேரும் இல்ல. ஏம்மான்னா, பேரும் தேதியும் போடலைன்னா மடிச்சு வெச்சு அடுத்த வருஷமும் கட்டிக்கலாம் சார்ங்குது. அப்ப இந்தக் கருத்தரங்கை யாரு நடத்துனான்னு நாளைக்கு வரலாறு எப்படிச் சொல்லும்? கல்வெட்டுல ராசா பேரை வெட்டாம விட்டா அடுத்த ராசாவுக்கும் ஆகும்னு எவனாவது விட்டிருக்கானா? பேரில்லாத பேனருக்குக் கீழ போய் உக்கார்றதுக்கு, கல்யாணப் பந்தல்ல மாப்பிள்ளை இல்லாம உக்காரலாம்.

சாப்பாட்டுக்குத் தட்டும் டம்ளரும் அவங்கவங்க வீட்டுலருந்து கொண்டு வரணுமாம். ஏதோ கோயில் கஞ்சிக்கு வர்ற மாதிரி ஆளாளுக்குப் பையில தட்டோட வந்து இறங்குறான். சோறு குதிரைவாலி. பேருக்கேத்த மாதிரி குதிரைக்குப் போட்டாத் தின்னும். வந்தவங்க ரெண்டாந்தரம் வாங்கித் தின்னானுங்க, அது வேற விஷயம். ஓசியில கிடைச்சா நம்ம ஆளு எதைத் திங்க மாட்டான்? நானும் கொஞ்சம் போல வாங்குனேன், பசிக்குதுல்ல.

சிறப்பு விருந்தினர் அந்த முன்னாள் துணைவேந்தர். கோயம்புத்தூர்லருந்து ரயில்ல வந்து, மதுரையிலருந்து பஸ் பிடிச்சு, காலேஜ் வாசல்ல வந்து இறங்குறாரு. நான் காரை எடுத்துட்டுப் போறேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், வேண்டாம்னுட்டாங்க. வாட்ச்மேன் அவரை யாருன்னு தெரியாம, கேண்டீனுக்கு ஆள் எடுக்கலன்னு சொல்லித் திருப்பி அனுப்பப் பாத்திருக்கான். அவன் மேல என்ன தப்பு? பிளெக்ஸ்ல படம் போட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

இப்படியெல்லாம் நடக்கும்னு தெரிஞ்சுதான் நான் ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். மதுரையில போய் நல்ல சரிகை போட்ட பொன்னாடையா ஒண்ணு எடுத்து முத்துக்கருப்பன்கிட்டக் குடுத்தேன். பழசு வேண்டாம்டா, கடைசித் தடவை, இதைப் போத்து, யாரு தடுத்தாலும் மேடையேறிப் போத்துன்னேன். சரிடான்னு பைக்குள்ள வெச்சுக்கிட்டான். இதை உங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல தம்பி. ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் நடக்குது. மீதிப் பேரு சொல்ல மாட்டான்.

தொடக்க விழாவுல அந்தப் பொண்ணு மைக்கைப் பிடிச்சுது. பொன்னாடை வாங்குற வழக்கத்தை நிறுத்திட்டோம், அதுக்குப் பதிலா விருந்தினருக்கு நூல் ஒண்ணு குடுக்குறோம்னுச்சு. சரி, புத்தகமாவது தருதேன்னு பாத்தா, எங்க காலேஜ் லைப்ரரிப் புத்தகம். பறவைகளைப் பத்தி. அட்டை கிழிஞ்சு ஒட்டுப் போட்டது. அவரு பேர்ல பதிஞ்சு குடுத்திருக்காங்க, படிச்சுட்டுத் தபால்ல திருப்பி அனுப்பணுமாம். மேடையில வெச்சு ஒரு மனுஷனுக்கு இரவல் குடுக்குறதுக்குப் பேரு மரியாதையா? அவரு என்னடான்னா அதைத் திறந்து அங்கயே படிக்க ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் கைதட்டுறான்.

நான் திரும்பி முத்துக்கருப்பனைப் பாக்குறேன். எந்திரிடாங்கிறேன் கண்ணாலயே. அவன் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மேல சுத்துற ஃபேனைப் பாக்குறான். நாப்பது வருஷச் சிநேகிதன். அந்தக் கைதட்டல்ல அவனுக்கும் கூச்சம் வந்துருச்சு பாருங்க. எனக்கு அப்ப வந்தது கோபம் இல்ல தம்பி, அழுகை. முன் வரிசையில உக்காந்துக்கிட்டு அழ முடியுமா, மூக்கைச் சிந்துற மாதிரி சிந்திக்கிட்டேன்.

அத்தோட விட்டாங்களா? மத்தியானம் எல்லாரையும் காலேஜுக்குப் பின்னால இருக்குற கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனாங்க. கட்டுரை படிக்கிறது போதும், நீர்நிலையைப் பாக்கலாம்னு. நீர்நிலையைப் பத்தி இருபத்தெட்டுக் கட்டுரை எழுதுனவன் நான், எனக்கு அதைப் போய்ப் பாத்துத்தான் தெரியணுமா? இருந்தாலும் புரவலர் வரலைன்னா நல்லாருக்காதேன்னு குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கரையில நின்னேன். கண்மாய்ல தண்ணி கிடக்கு. கீழ வயல்ல பயிர் பொதி கட்டி, கதிர் வர்ற நேரத்துல தண்ணிக்கு நிக்குது. ஆனா மடை வாயில குப்பை அடைச்சுக்கிட்டுத் தண்ணி போகாதாம். ஊர்க்காரங்க பத்துப் பதினஞ்சு பேரு இறங்கி எடுத்துக்கிட்டிருக்காங்க. கருத்தரங்குக்கு வந்த பசங்களும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்குனானுங்க. பிஎச்.டி. பண்றவன் சேத்துல நிக்கிறான். நாட்டுக்கு இது தேவையா?

பாட்டில் வருது, பை வருது, பைல் வருது. எங்க காலேஜ் பேரு போட்ட பைல். அப்புறம் பெருசா ஒண்ணு சிக்கிக்கிட்டு வரமாட்டேங்குது. நாலு பேரு சேந்து இழுத்தானுங்க. கரையில கொண்டாந்து விரிக்கிறான், பிளெக்ஸ். அதுல நான். கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேன். கீழ கொட்டை எழுத்துல, நீர்நிலைகள் நம் கண்கள்னு. வாசகம் நான் எழுதுனதுதான்.

துணைவேந்தர் குனிஞ்சு அந்த வாசகத்தைச் சத்தமா வாசிச்சாரு. ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்புச்சு. ஊர்க்காரன் ஒருத்தன் துண்டைத் தண்ணியில நனைச்சு, என் முகத்துல இருந்த சேத்தை மட்டும் தொடைக்கிறான், மெதுவா, குழந்தைக்குத் தொடைக்கிற மாதிரி. கிண்டலை எவ்வளவு நேக்காப் பண்றானுங்க பாருங்க.

இது யாரோ கொண்டாந்து போட்டதுன்னுதான் நான் நின்னேன். எங்க அட்டெண்டர் சோணைமுத்து வாய் சும்மா இருக்காம, நான்தான் சார் போட்டேன், வருஷா வருஷம் கருத்தரங்கு முடிஞ்சா இங்கதான போடுவோம், நீங்கதான அப்புறப்படுத்தச் சொன்னீங்கன்னு அத்தனை பேரு முன்னாடி சொல்றான். நான் என்ன சொன்னேன்? சாயந்திரத்துக்குள்ள காம்பவுண்டுக்குள்ள ஒரு துண்டுக் காயிதம் கிடக்கக் கூடாதுன்னு சொன்னேன். சுத்தம் முக்கியம்னு சொன்னேன். காம்பவுண்டுக்கு வெளிய எங்க போடுறதுன்னு சொல்றது துறைத் தலைவர் வேலையா? ஒண்ணு மட்டும் சொல்றேன், அத்தனை வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தும் கலர் ஒரு பொட்டுப் போகல. மீசை மீசையாவே இருக்கு. அந்தப் பொண்ணோட துணி பேனர் சாயந்திர மழைக்கே சாயம் விட்டுருச்சாம்.

ரெஜினா என்கிட்ட ஓடி வந்துச்சு. காலெல்லாம் சேறு. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. சாயந்திரம் நிறைவு விழா இங்க கரையிலதான். நீங்க கண்டிப்பா இருக்கணும் சார். நீங்க இல்லாம நடக்காது."

நான் சொன்னேன்: "நிறைவு விழாவுக்கு இருக்குறதுக்கு நான் என்ன சர்டிபிகேட் வாங்க வந்தவனாம்மா?"

இது உங்களுக்குப் புரியாது, சொல்றேன். கருத்தரங்குன்னா பெரிய மனுஷனுக்குத் தொடக்க விழாதான். படம், பேச்சு, பொன்னாடை எல்லாம் அதுல முடிஞ்சிரும். அத்தோட கார் ஏறிப் போயிரணும். நிறைவு விழாவுக்குச் சர்டிபிகேட்டுக்குக் காத்துக்கிட்டிருக்குற பசங்களும், நாற்காலியை மடிக்கிற ஆளும்தான் இருப்பான். நன்றியுரை சொல்லக்கூட ஆள் தேட வேண்டியிருக்கும். அதுக்குத்தான் என்னைப் பிடிச்சு வெக்கப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நன்றியுரையை வயிரவசுந்தரம் தலையில கட்டலாம்னு. நான் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயி, போனை அணைச்சு வெச்சுட்டுப் படுத்துட்டேன். மறுநாள் பிரின்சிபால் என்னமோ சொல்ல வந்தாரு. அந்தக் கருத்தரங்கைப் பத்தி ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாதுன்னுட்டேன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தப் பொண்ணு முகத்துல முழிக்கல. வழியனுப்பு விழாவும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். மரியாதைங்கிறது கேட்டு வாங்குறதா தம்பி?

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வர்றேன். உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கல. விவசாயமா? எங்க இறங்கணும்?

ஆலடியேந்தலா? எங்க காலேஜுக்குப் பின்னால, அந்தக் கண்மாய்…

ஓ. அப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா அன்னைக்கு. நான் ஏறும்போதே தெரியுமா? தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வந்தீங்களாக்கும். நல்ல ஆளுய்யா நீங்க. உங்க ஊர்க்காரங்களை நான் ஏதாவது கூடக்குறையப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. அன்னைக்கு அப்புறம் மடை திறந்தீங்களா, தண்ணி போச்சா?

என்னது?

பரிவட்டமா? யாருக்கு?

இருங்க, இருங்க. அந்தப் பொண்ணு சொல்லித்தான ஏற்பாடு பண்ணுனீங்க? இல்லையா? மடையை யாரு திறக்கணும்னு அது உங்க ஊர்ல வந்து கேட்டுச்சு, நீங்க எல்லாரும் சேந்து என்னைச் சொன்னீங்களா. என்னையா? ஐயனாருக்குப் பூசை போட்டு, எனக்குத் தலையில பரிவட்டம் கட்டி, என் கையால மடை திறக்கணும்னா? அது அம்பலகாரர் வீட்டுக்குத்தானய்யா கட்டுவீங்க. பரம்பரையா அவங்களுக்குத்தான முதல் மரியாதை. அவரே விட்டுக் குடுத்தாரா?

எதுக்கு? நான் உங்க ஊருக்கு என்ன செஞ்சேன்? உங்க மடையில குப்பையைப் போட்டேன், அதைத்தான செஞ்சேன்.

பஞ்ச வருஷத்துலயா… ஆமா. வந்தோம். நான் அப்ப சேந்த புதுசு. என்.எஸ்.எஸ். கேம்ப்பு, பசங்களைக் கூட்டிட்டு வந்து, நானும் மம்பட்டி பிடிச்சு, உங்க வரத்துக் கால்வாய்ல மண்ணு வெட்டுனோம். கை பூராக் கொப்புளம். உங்க வீட்டு அம்மாக்கள்லாம் கம்மங்கூழ் கரைச்சுக் கொண்டாந்து ஊத்துவாங்க, கையை ஏந்திக் குடிப்போம். அந்த வருஷம் மழை பேஞ்சு கண்மாய் நெறைஞ்சுச்சா? எனக்குத் தெரியாதேய்யா. நான் அதுக்கப்புறம் வந்தே பாக்கலையே. அதுக்கு ஒரு போட்டோகூட எடுக்கல. என் பயோடேட்டாவுல அது இல்லவே இல்ல.

அப்ப அன்னைக்கு என்ன பண்ணுனீங்க? வருவாரு வருவாருன்னு கரையிலயே நின்னீங்களா? மழையிலயா? பொம்பளைங்க பிள்ளைங்கள்லாமா? ரெஜினா சைக்கிளை எடுத்துக்கிட்டு என் வீடு வரைக்கும் வந்துச்சா? கதவைத் தட்டுன சத்தம் கேட்டுச்சு தம்பி. கேட்டுச்சு. நான்தான் வீட்டுக்காரியைத் திறக்காதேன்னேன்.

அப்புறம் யாருக்குக் கட்டுனீங்க அதை? துணைவேந்தருக்கா?

யாருக்குமே கட்டலையா. ஒருத்தர் பேரைச் சொல்லி எடுத்ததை அடுத்தவருக்குக் கட்டக் கூடாதுன்னு ஐயனாருக்கே சாத்திட்டீங்களா. சரி. சரிய்யா. அதுதான் முறை.

உங்க ஊரா வருது? இறங்குங்க, பையை மறந்துறாதீங்க. ஏம்ப்பா கண்டக்டர், இறங்க ஆளிருக்கு, கொஞ்சம் நிறுத்திப் போ. தம்பி, ஒண்ணே ஒண்ணு. பூசை போட்டுட்டு என்னைக் கூப்பிட்டிருப்பாங்கல்ல, மூணு தடவை, பேரைச் சொல்லி. டாக்டர் வயிரவசுந்தரம்னா கூப்பிட்டாங்க?

என் பேரு தெரியாதா உங்க ஊர்ல? அத்தனை பிளெக்ஸ் வெச்சேனே.

மம்பட்டி வாத்தியாரா? நானா?

மெதுவா இறங்குங்க. இறங்குறதுக்கு முன்னால அதை இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க தம்பி.